எறும்பு மொய்த்த ஞாயிற்றுக்கிழமை

குப்பைக்கூடையிலிருந்து நேற்றைய ஞாயிற்றுக்கிழமையைப் பொறுக்கியெடுத்து, கசங்கலை நீவி, காலண்டரில் திங்கட்கிழமையின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தார் பேக்கரி மாஸ்டர். வீட்டில் பசை இல்லை. கேக்குக்குப் பூசுகிற ஐசிங்தான் இருந்தது.

"பிள்ளைங்க எழுந்திருக்கிறதுக்குள்ள முடிங்க," என்றாள் மனைவி. "ஈஸ்டரும் அதுவுமா பொய் சொல்ற ஒரே மனுஷன் நீங்கதான்."

"ஈஸ்டர்தான் நேத்தே முடிஞ்சிருச்சே. இன்னைக்குச் சொன்னா தப்பில்ல."

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல."

வாய்தான் பேசியது, மனசு குத்திக்கொண்டேதான் இருந்தது. ஈஸ்டர் வந்தால் பேக்கரியில் மூச்சுவிட நேரமிருக்காது. ஊர்ப் பிள்ளைகளின் பெயரையெல்லாம் சாக்லெட் முட்டைகள் மேல் எழுதிவிட்டு அவர் வீடு திரும்பும்போது, சொந்தப் பிள்ளைகள் தூங்கியிருக்கும். அப்பா இல்லாத ஈஸ்டர் என்று ஒன்று அவர்களுக்குத் தெரியவே கூடாது. அதனால் வருஷா வருஷம், "ஈஸ்டர் நாளைக்குத்தான் செல்லங்களா" என்று ஞாயிறன்று சொல்லிவிட்டுப் போய், திங்களன்று கொண்டாடுவார். ஆனால் பெரியவன் இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். இந்தப் புளுகு இன்னும் எத்தனை நாள் தாங்கும்?

"அப்பா, காலண்டர்ல எறும்பு!" என்று கத்தினாள் எழுந்து வந்த சின்னவள்.

மாஸ்டர் பதறி ஈரத்துணியால் துடைத்தார். ஞாயிறு பாதி கிழிந்து, அடியிலிருந்து திங்கள் எட்டிப் பார்த்தது. அதை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதான்ப்பா," என்றான் பெரியவன், யாரும் கேட்காமலே.

"பின்னே? போங்க, புதுச்சட்டை போட்டுக்கிட்டு முட்டையைத் தேடுங்க! வீடு பூரா ஒளிச்சு வெச்சிருக்கேன்!"

சின்னவள் சோபா மெத்தையைத் தூக்கினாள். முட்டைக்குப் பதில் டிவி ரிமோட் கிடைத்தது. அமுக்கினாள்.

"நேற்று ஈஸ்டர் பண்டிகை..." என்று செய்தி வாசிப்பவர் ஆரம்பித்ததும் மாஸ்டர் பாய்ந்துபோய் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டார்.

"ஐயையோ, கரண்ட் போயிடுச்சு!"

கரண்ட்டோடு ஓவனும் போனது. பாதி வெந்த ஈஸ்டர் கேக் என்ன ஆயிற்றோ என்று திறந்து பார்த்தார். அது நடுவில் குழிந்து சப்பென்று உட்கார்ந்தது. ஊருக்கே கேக் போடுகிறவர் வீட்டுக் கேக்!

"நல்லா வேணும்," என்றாள் மனைவி. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்ததும் கரண்டியை எடுத்துக் கொடுத்தாள். அவர் கேக்கைச் சுரண்ட ஆரம்பித்தார்.

வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். பெரியவன் திறந்தான். பக்கத்து வீட்டு நர்ஸம்மா.

"உங்க வீட்ல மட்டும் என்ன இருட்டா இருக்கு? அட, புதுச்சட்டையெல்லாம் போட்டிருக்கீங்க! ஈஸ்டர்தான் நேத்தே..."

சமையலறையில் மாஸ்டரின் கரண்டி நின்றது. போச்சு. எல்லாம் போச்சு. முதலாளியிடம் ஒரே ஒரு நாள் லீவு கேட்டிருக்கலாம். வாய்விட்டுக் கேட்காமல் போனோமே! இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பார்ப்பது?

அப்போது வாசலிலிருந்து சின்னவளின் குரல் கேட்டது. ரகசியம் பேசுவதாகத்தான் அவளுக்கு நினைப்பு.

"ஷ்ஷ்! மெதுவா பேசுங்க அத்தை! ஈஸ்டர் நேத்தே வந்துட்டுப் போயிடுச்சுன்னு எங்கப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா பாவம், அழுதுடுவாரு!"