ஏசி ரூமில் அக்காவைப் பெண் பார்த்தது

கச்சிராயபாளையம்

மரியாதைக்குரிய கண்ணாயிரம் மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் பெரியநாயகி வணங்கி எழுதுவது. திருப்பூரில் நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனைக் காதில் வைத்தாலே எனக்குப் பேச்சு நின்றுவிடும் என்பது உங்களுக்குத் தெரியும், அதனால்தான் கடிதம்.

காற்றில் நம் வீட்டுக் கூரைத் தகரம் பறந்துவிட்டது. அக்காவைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம் என்று பொய் சொல்லி, கள்ளக்குறிச்சியில் ஒரு ஓட்டலில் ரூம் போட்டார் அப்பா. ரூமைக் குறை சொல்ல மாட்டேன், மாமா. மெத்தையில் உட்கார்ந்ததும் அம்மா அழுதுவிட்டாள். இதில் படுத்திருந்தால் இடுப்பு வலியே வந்திருக்காதாம். ஆனால் ரூமைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தனிக் காசு. ஏசியை நிறுத்தத் தெரியாமல் அக்கா நடுங்கினாள், கம்பளி கேட்டோம், அதற்கு வாடகை என்றார்கள், நாலு பேர் வருவதாகச் சொன்னவர்கள் பதினோரு பேராக வந்தார்கள், நாற்காலிக்கும் வாடகை, ஒரு டீயின் விலைக்கு நம் ஊரில் வயிறாரச் சாப்பிடலாம். மாப்பிள்ளையின் அம்மா ராஜாம்பாள், "டீ நல்லாக்கீதுங்க, எல்லாருக்கும் இன்னொன்னு சொல்லுங்க" என்றார். அப்பா சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பைச் சாவு வீட்டில்கூட நான் பார்த்ததில்லை.

"ஜாஸ்தி குடிச்சா பித்தமுங்க" என்றார் அப்பா.

"பரவால்ல, எனக்குப் பித்தம் கம்மிதான்."

மாப்பிள்ளை தனசேகரன் நல்ல மாதிரி. அக்காவிடம், "குளுருதா?" என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. கிளம்பும்போது ராஜாம்பாள் ரூமை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, இம்மாம் பெரிய எடத்துல ரூம் போடறவரு, பேசின மூணு பவுனுன்னா ஊர்ல சிரிப்பாங்க. எட்டாப் போட்டுடுங்க" என்றார். "எங்க வூட்டுல கூரையே..." என்று அப்பா வாயெடுத்தார். அம்மா கிள்ளிவிட்டாள்.

அன்றிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை. எட்டுப் பவுனுக்கு நாங்கள் எங்கே போவோம்? இந்தச் சம்பந்தம் முடிந்துபோனது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் லீவு போட்டு வர வேண்டாம். அத்தைக்கும் பாப்பாவுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலாவது நல்லது நடக்கட்டும்.

இப்படிக்கு,
பெரியநாயகி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது மாப்பிள்ளை ஊரான ரிஷிவந்தியத்திலிருந்து ஆள் வந்தார். மாப்பிள்ளை அடம்பிடித்து, பவுனே வேண்டாம் என்று அவர் அம்மாவை ஒத்துக்கொள்ள வைத்துவிட்டாராம். கல்யாணத்தை மட்டும் நாம் அதே ஓட்டலில் வைக்க வேண்டுமாம். அவர்கள் பக்கம் இருநூறு பேர்தானாம். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்பா படுத்தவர் எழுந்திருக்கவில்லை. உடனே லீவு போட்டு வாருங்கள்.