மாடியில் ஒரு தொப்

மேலே மறுபடியும் 'தொப்' என்று சத்தம் கேட்டது. அன்று காலையில் அது மூன்றாவது.

அவள் தேநீர்க் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு, மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினாள். கதவைத் திறந்தால், அப்பா கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தார். எழுபத்தாறு வயதில் அந்தத் தலையில் வாருவதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. மூச்சு லேசாக இரைத்தது. சட்டை முதுகில் தூசி.

"என்னப்பா சத்தம்?"

"புத்தகம் விழுந்துடுச்சும்மா."

அந்த அறையில் இருந்த ஒரே புத்தகம், போன் நம்பர்கள் எழுதிவைத்த குட்டிக் குறிப்பேடு. அது விழுந்தால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது.

எதுவும் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் உத்தியோகம். உயரமான கட்டடங்களின் லிஃப்ட்டுகளை மாதாமாதம் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவள். அவள் கையெழுத்துப் போட்ட லிஃப்ட் எதுவும் இந்தப் பதினெட்டு வருஷத்தில் அரை அடிகூட நழுவியதில்லை. வீட்டில் பெற்ற தகப்பன் நழுவிக்கொண்டிருக்கிறார். கூட வேலை பார்க்கும் எலெக்ட்ரீஷியனின் அம்மா குளியலறையில் ஒரே ஒரு தடவைதான் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதமாகப் படுக்கையில் கிடக்கிறார். அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து இவளுக்குக் கனவில்கூட ஈரத் தரைதான் வந்தது.

வேறு ஊரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டாள். அண்ணனிடம் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான் உண்டு: அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம், அங்கே படி கிடையாது, மணியடித்தால் ஆள் வரும். அப்பா அங்கே ஒரு வாரம் தாங்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிய மனிதர். இன்னொருவர் ஓட்டும் வண்டியில் உட்காருவதையே அவமானமாக நினைப்பவர். ஒரு மாதம் பொறு, நான் சரி பண்ணிக் காட்டுகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு வேலையில் இறங்கினாள்.

முதலில் தரைவிரிப்பைச் சுருட்டி எடுத்தாள். அதன் விளிம்பில்தான் கால் தடுக்குகிறது என்பது அவள் கணிப்பு. விரிப்பு போனதும் 'தொப்' என்பது 'தொம்' என்று ஆனதுதான் மிச்சம்.

பிறகு சுவரெல்லாம் கைப்பிடிக் கம்பி. கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு, குளியலறையில் நான்கு, மாடிப்படியின் இரண்டு பக்கமும். லிஃப்ட் கம்பெனி ஆட்களே வந்து பொருத்தியதால் ஒவ்வொன்றும் ஒரு யானையைத் தாங்கும். அப்பா ஒன்றைக்கூடத் தொடவில்லை. பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லித்தரும் அவள் கணவன்தான் குளியலறையில் ஒரு கம்பியில் முழங்கையை இடித்துக்கொண்டு, வலியில் குனிந்து, இன்னொன்றில் நெற்றியையும் இடித்துக்கொண்டான்.

"மாமா நல்லாத்தான் இருக்கார். நான்தான் இனிமே ஜாக்கிரதையா இருக்கணும்போல," என்றான்.

அடுத்து, விழுந்தாலும் அடிபடக்கூடாது என்று நான்கு அங்குலக் கனத்தில் நுரைமெத்தைகள் வாங்கிக் கட்டிலைச் சுற்றிப் பரப்பினாள். அன்றைக்குத்தான் அப்பா முகத்தில் சந்தோஷத்தைப் பார்த்தாள். மெத்தையைக் காலால் அழுத்திப் பார்த்தார், கையால் தட்டிப் பார்த்தார், இதே மாதிரி இன்னொன்று கிடைக்குமா என்று விசாரித்தார். மறுநாளிலிருந்து கணக்கு இரட்டிப்பாயிற்று. மூன்று தடவை விழுந்தவர் ஆறு தடவை விழுந்தார். மெத்தையில் கால் புதைந்து தடுமாறுகிறார் என்று முடிவு கட்டி அவள் அதை எடுக்கப் போனபோது, அப்பா அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு நகர மறுத்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் மெத்தையோடு அவரையும் கீழ் அறைக்கு இறக்கினாள். இப்போது சத்தம் சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. அந்த வீட்டு அம்மாள் வந்து, ஏதாவது மர வேலை நடக்கிறதா, முடிய இன்னும் எத்தனை நாளாகும் என்று ரொம்பப் பணிவாகக் கேட்டுவிட்டுப் போனார்.

கடைசியாக, கைக்கடிகாரம் மாதிரி ஒரு கருவி வாங்கினாள். கட்டியிருப்பவர் விழுந்தால் அவள் போன் அலறும். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள், பதினான்காம் மாடியில் ஒரு லிஃப்ட்டின் கூரைமேல் நின்று இரும்பு வடத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபோது போன் அலறியது. அதை நிறுத்துவதற்குள் மறுபடியும் அலறியது. பத்து நிமிஷத்தில் அப்பா பதினோரு தடவை விழுந்திருந்தார்.

லிஃப்ட்டை அங்கேயே பூட்டிவிட்டு, பதினான்கு மாடியும் படியில் இறங்கி, டாக்ஸி பிடித்து வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அப்பா வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

"கடிகாரம் எங்கேப்பா?"

"மாப்பிள்ளைக்குக் கொடுத்துட்டேன். அவர் கைக்கு எடுப்பா இருக்கு."

அந்த நேரத்தில் மாப்பிள்ளை நாற்பது பிள்ளைகள் முன்னால் மேஜையைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். மாமனார் ஆசையாகக் கொடுப்பதை எப்படி வேண்டாம் என்பது, இது விழுந்தால் கூவும் கடிகாரம் என்று எனக்கு யார் சொன்னார்கள் என்று பிற்பாடு அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் அப்பாவின் அறைக் கதவுக்கு வெளியே நின்று காதைக் கொடுத்தாள். உள்ளே அப்பா மெதுவாக எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. தொப். ஒரு முனகல். கொஞ்சம் கழித்து மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று. தொப். பாவம், எழுந்து நிற்கத் தெம்பு சேர்த்துக்கொண்டு எண்ணுகிறார், எழுந்தவுடன் விழுகிறார் என்று நினைத்தபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அப்பா மெத்தையில் மல்லாந்து கிடந்தார்.

"போதும்ப்பா. நீங்க விழறீங்கன்னு எனக்கு எப்பவோ தெரியும்."

அவர் கூரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"விழறதைப் பத்திக் கவலையில்லம்மா. எழுந்திரிக்கிறதுதான் இன்னும் சரியா வரலை. வந்துடும்."

அதைக் கேட்டபின் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தைரியமும் போயிற்று. வாரத்தில் இரண்டு சாயங்காலம் பழைய சிநேகிதரோடு சதுரங்கம் ஆட வெளியே போவது அப்பாவின் வழக்கம். இனிமேல் அதுவும் வேண்டாம் என்றாள். பஸ் ஓட்டிய காலத்திலேயே சிவப்பு விளக்கைத் தவிர வேறு எதற்கும் நிற்காத மனிதர் அவர். நாளைக்குக் கட்டாயம் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார். இதற்கு நடுவில் அண்ணன் கூப்பிட்டு, இல்லத்தில் ஓர் அறை காலியாகியிருக்கிறது, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும் என்றான்.

அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வழி. வயதானவர்கள் கீழே விழாமல் இருக்க, சமூகக் கூடத்தில் ஒரு நர்ஸ் இலவசமாக வகுப்பு நடத்துகிறார் என்று மருந்துக் கடையில் ஒரு நோட்டீஸ் பார்த்திருந்தாள். மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, அப்பாவிடம்கூடச் சொல்லாமல் அங்கே போனாள்.

கூடத்துக்குள் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாம் அப்பா வயசு, தரையில் சாக்பீஸால் போட்ட கோட்டின்மேல் குதிகாலை நுனிக்காலோடு ஒட்டி ஒட்டி நடந்துகொண்டிருந்தார்கள். யாராவது கோட்டை விட்டு விலகினால் மற்றவர்கள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். பார்க்கப் பார்க்க அவளுக்கு நம்பிக்கை வந்தது. அப்பாவையும் இந்த வரிசையில் நிறுத்திவிட்டால் போதும், அண்ணனுக்குத் தைரியமாகப் பதில் சொல்லிவிடலாம்.

வாசல் மேஜையில், ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு, எண்பது வயது அம்மாள் ஒருவர் பதிவேடு பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதும் ஒரு படிவத்தை நீட்டினார். அவள் அப்பாவின் பெயர், வயது, விலாசம் எல்லாம் எழுதினாள். அடுத்த கேள்வி, கடந்த ஆறு மாதத்தில் எத்தனை தடவை விழுந்தீர்கள் என்பது. ஒன்று, இரண்டு, இரண்டுக்கு மேல் என்று மூன்று கட்டங்கள். எதிலும் அடங்காததால் ஓரத்தில் 'ஒரு நாளைக்கு ஆறு' என்று எழுதிக் கொடுத்தாள்.

"எப்படியாவது அவரைச் சேர்த்துக்கணும்மா. எங்க வீட்ல செய்யாத வைத்தியமில்லை. நான் செய்யச் செய்ய அவர் அதிகமாத்தான் விழறார்."

அம்மாள் படிவத்தை மேலிருந்து கீழே படித்தார். பெயரைப் பார்த்தார், விலாசத்தைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அடிபடாம எப்படி விழறது, விழுந்தா எப்படி எழுந்திரிக்கிறதுன்னு வாரம் ரெண்டு சாயங்காலம் வந்து எங்களுக்குச் சொல்லித் தர்ற வாத்தியாரே இவர்தானேம்மா, ஆனா வீட்ல தினமும் பத்து தடவை விழுந்து பழகிட்டு வர்றேன்னு எங்ககிட்ட பீத்திக்கிட்டாரு, ஆறுதானா?"