வினோஜாவின் டாங்கிகளுக்கு ஒரு பெயர்

தர்மபுரம்,
பங்குனி 10.

என்றும் பாசம் மாறாத இராசேஸ்வரி அக்காவுக்கு,

உங்கள் தம்பி யோகநாதன் எழுதிக்கொள்வது. நானும் பவளமும் பிள்ளையும் நலம். கனடாக் குளிரில் உங்கள் முழங்கால் வலி குறையவும் அத்தானின் இருமல் நிற்கவும் வற்றாப்பளை அம்மாளை வேண்டிக்கொள்கிறேன். வயல் வெட்டி முடிந்தது. பன்றி தின்றது போக மிச்சம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன கிழமை நீங்கள் போனில் அழுதது எனக்குப் பெரிய மனவருத்தம். "எங்கட பிள்ளை வீட்டுக்குள்ள டாங்கி செய்யிறாளாமே, உனக்கென்ன விசரா யோகன்?" என்று கேட்டீர்கள். அதை உங்களுக்குச் சொன்னவர் சுவிஸில் இருக்கிறாராம், அவருக்குச் சொன்னவர் இலண்டனில் இருக்கிறாராம். எங்கள் ஒழுங்கையில் அது வெறும் காகித மட்டை என்று எல்லாருக்கும் தெரியும். கடல் தாண்டும்போது எப்படியோ இரும்பாகிவிட்டது. போனில் விளக்கினால் நீங்கள் இடையில் விழுந்து கதைப்பீர்கள், ஆகவே கடிதமாக எழுதுகிறேன்.

தைப்பொங்கல் முடிந்த கையோடு வினோஜா நெளுக்குளத்தில் இருந்து போன் எடுத்தாள். அங்கே அவள் ஒரு அச்சகத்தில் வேலை செய்வதும், கம்பசில் கூடப்படித்த நஃப்லா என்ற முல்லைத்தீவுப் பிள்ளையோடு அறை எடுத்து இருப்பதும் நீங்கள் அறிந்ததே. "அப்பா, நானும் நஃப்லாவும் ஒரு டாங்க் கேம் செய்திருக்கிறம். பலகையில வைச்சு விளையாடுறது. ஜேர்மனியில ஒரு சின்னக் கொம்பனி அச்சடிச்சு விக்கப்போகுது. ஆனால் உலகத்தில ஒருத்தரும் இதுவரைக்கும் வைக்காத பேர் ஒண்டு வேணுமாம். ரெண்டு மாசம் தந்திருக்கினம்" என்றாள். நான் நீர்ப்பாசனப் பகுதியில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவன். எங்கள் கந்தோர்ப் பைல்களில் ஆங்கிலத்தில் எந்தக் குளமும் டாங்க்தான். வெள்ளைக்காரனுக்கும் கடைசியில் குளத்தின் அருமை விளங்கிவிட்டது என்று நினைத்து, "பேரை என்னட்டை விடு பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். ஓய்வெடுத்து இரண்டு வருடத்தில் என்னிடம் ஒருவர் ஒரு வேலையைத் தந்தது அதுதான் முதல் தடவை. ஒன்பது நாள் இருந்து எழுதினேன். குளக்கட்டை நினைத்து 'அலைகரை', மதகை நினைத்து 'துருசு', பிறகு 'கடைசி வயலுக்கும் தண்ணீர்' என்று போய், எல்லாவற்றிலும் சிறந்ததாக, குளம் நிரம்பி வழியும்போது எங்கள் சனம் கத்திக்கொண்டு ஓடுகிற அந்தச் சொல்லையே பெயராக்கி, 'வான் பாயுது!' என்று அனுப்பினேன். அன்று பின்னேரம் பதில் வந்தது. "நல்ல பேர் அப்பா. ஆனால் இது சண்டை டாங்கி."

கதிரையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன்.

அடுத்த சனிக்கிழமை பிள்ளை பெட்டியோடு வந்து இறங்கினாள். எண்பது வருடத்துக்கு முன் துனிசியா என்ற நாட்டில் வெள்ளைக்காரர் தங்களுக்குள் பிடித்த சண்டையாம். தேன்வதை போல அறுகோணக் கட்டம் போட்ட ஒரு வரைபடம், அதன்மேல் நகத்தளவு மட்டைத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு டாங்கிப் படம். ஒன்றைத் தூக்கி, "இதுக்கு என்ன பேர்?" என்று கேட்டேன். "புலி" என்றாள். நான் எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினேன். "அப்பா, அது ஜேர்மன்காரன் வைச்ச பேர்." "ஆர் வைச்சாலும் மெதுவாச் சொல்லு." அந்த நேரம் பார்த்து உங்கள் மச்சாள் பவளம் மேசை துடைக்க வந்தாள். படத்தைக் கண்டாள். துணியை அப்படியே வைத்துவிட்டு, "சாப்பிடுற மேசையில இது வேண்டாம்" என்று சொல்லிக் குசினிக்குள் போய்விட்டாள். அக்கா, அறுவடை மெசின் டாங்கியைப் போலச் சங்கிலியை உருட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கினால் பவளம் இன்றைக்கும் கிணற்றடிக்குப் போய் அது நிற்கும்வரை தண்ணீர் அள்ளிக்கொண்டே இருப்பாள். நான் ஒன்றும் கேட்பதில்லை. ஆகவே துனிசியா முழுவதையும் தூக்கிக்கொண்டு தண்ணீர் மோட்டர் நிற்கிற கொட்டிலுக்கு இடம்பெயர்ந்தோம். இடம்பெயர்வது எங்களுக்குப் பழகின வேலைதானே.

அதன்பிறகு நான் அனுப்பிய பெயர் ஒவ்வொன்றையும் கொம்பனி திருப்பி அனுப்பியதாக வினோஜா சொன்னாள். எஃகு, இடி, புயல், பாலைவனம் எல்லாம் ஏற்கெனவே வேறு வேறு பெட்டிகளில் இருக்கின்றனவாம். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்த தங்கராசா மாஸ்டர் தானாகவே முன்வந்து 'கவசவூர்திக் களமாடல் மாண்பு' என்று தந்தார். அது ஒரு பெயரா மூன்று பெயரா என்று கேட்டார்களாம். மாஸ்டர் இப்போது என்னோடு கதைப்பதில்லை. பிறகு நான் கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் பன்னிரண்டு பெயர் எழுதித் தேத்தண்ணிக் கடையில் வைத்து, பிடித்ததற்குப் புள்ளடி போடச் சொன்னேன். நாலாவது பெயர் 'பாலைவனப் புலி'. அந்தத் தாள் என்னைக் கேளாமல் எங்கேயோ நடந்து போயிருக்கிறது. இரண்டாம் நாள் காலமை சிவில் உடுப்பில், கட்டையாக முடி வெட்டிய ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, "ஐயா, டாங்கி எங்க?" என்று கேட்டார்.

கொட்டிலுக்குக் கூட்டிப் போனேன். அவர் குனிந்து பார்த்தார், போனில் படம் எடுத்தார், ஒரு துண்டைத் தட்டிப் பார்த்தார். துனிசியா எங்கே இருக்கிறது என்பதை நான் மூன்று முறை விளக்கினேன். மூன்று முறையும் வேறு வேறு இடம் சொன்னேன் போலிருக்கிறது. கடைசியில் அவர் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, "ஐயா, புலி பேர் வேணாம்" என்றார். "சரி தம்பி." "சிங்கமும் வேணாம். அதுவும் பிரச்சினை வரும்." "அப்ப என்ன வைக்கிறது?" அவர் உண்மையாகவே யோசித்தார். "யானை?" "அது கட்சிச் சின்னம் தம்பி." அவரும் தலையைச் சொறிந்தார். பவளம் தேத்தண்ணி கொண்டுவந்தாள். குடித்துவிட்டு நன்றி சொல்லிப் போனார். நல்ல மனிசன்தான். ஆனாலும் என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை வினோஜா வந்ததும் வராததுமாகப் பாய்ந்துவிட்டேன். "வீடு வளவு எல்லாத்தையும் ஒருக்கா விட்டிட்டு ஓடின ஆக்கள் நாங்கள். உனக்கு விளையாட வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ?" அவள் சத்தம் போடவில்லை. "அப்பா, அப்ப எனக்கு எட்டு வயசு. பங்கருக்குள்ள நான் கண்டது அம்மாவின்ர சட்டையில இருந்த பூவை மட்டும்தான். எது எங்க இருந்து வருது, ஏன் வருது, எப்ப நிக்கும், ஒண்டும் தெரியாது. இதில எல்லாத்தையும் மேல நிண்டு பாக்கலாம். ஒருக்கா எண்டாலும் அப்பிடிப் பாக்கோணும் போல இருந்துது." பிறகு, தான் எழுதிய ஒரு விதியைக் காட்டினாள். வரைபடத்தில் ஊர்களும் இருக்கின்றன, ஒவ்வொரு ஊருக்கும் நஃப்லா ஒரு கிணறு கீறியிருக்கிறாள். ஊருக்குள்ளால் டாங்கியை விட்டால் குறுக்குவழி. ஆனால் சனம் றோட்டுக்கு வந்துவிடும், பின்னால் வருகிற உங்கள் எண்ணெய் லொறி நின்றுவிடும், டாங்கி படுத்துவிடும். தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழும்பிப் போனேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நஃப்லாவும் வந்திருந்தாள். நானும் அவளும் விளையாடினோம், நான் தோற்றுக்கொண்டிருந்தேன். அப்போது பவளம் வடைத்தட்டோடு கொட்டிலுக்குள் வந்தாள், வினோஜா வீட்டில் நிற்கும்போது அவள் அங்கே காலடி வைத்தது அன்றுதான். நான் அவசரத்தில் ஒரு ஊருக்குள்ளால் டாங்கியை நகர்த்தப் போக, "அதுக்குள்ளால ஏன் விடுறியள்? சுத்திப் போங்கோ" என்றாள். "சுத்தினால் மூண்டு முறை பிந்தும் பவளம்." "பிந்தட்டும். சனம் இருக்குதெல்லே. சுத்திப் போங்கோ."

நான் டாங்கியைத் தூக்கி, ஊரைச் சுற்றி, கட்டம் கட்டமாக எண்ணி வைத்தேன். கடைசிக் கட்டத்தில் வைக்கும்போது மூளைக்குள் ஏதோ திறந்தது. "பிள்ளை! சுத்திப் போ! இதுதான் பேர்!" என்று கத்தினேன். வடை ஒன்று மத்தியதரைக் கடலில் விழுந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பவளம் ஒன்றும் அறியாதவள்போல, "எது?" என்று கேட்டாள். அனுப்பினோம். அடுத்த நாளே கொம்பனி சம்மதித்துவிட்டது என்றாள் வினோஜா.

ஆகவே அக்கா, கண்ணைத் துடையுங்கள். எங்கள் வீட்டில் மண்வெட்டியைத் தவிர வேறு இரும்பு இல்லை. உலகத்தில் ஒருவரும் வைக்காத ஒரு பெயரைக் கண்டுபிடித்தவன் உங்கள் தம்பி என்பதைச் சுவிஸுக்கும் இலண்டனுக்கும் தாராளமாகச் சொல்லுங்கள். அத்தானுக்கு என் வணக்கம், மருமக்களுக்கு ஆசி. ஊருக்கு வருவதென்றால் மழைக்கு முன் வாருங்கள், றோட்டு இன்னும் போட்டு முடியவில்லை.

உங்கள் அன்புத் தம்பி,
யோகநாதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டமுதல், பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க, இந்தக் கிழமையும் வீட்டுக்கு வந்திருக்கிற வினோஜாவின் கணினியைத் திறந்தேன். கொம்பனியின் கடிதம் இருந்தது. 'சுத்திப் போ' என்ற பெயர் கிடைத்ததாம், பெட்டிக்குப் படம் கீறத் தொடங்கிவிட்டார்களாம், மகள் போனில் ஊர் விதியைச் சொன்னவுடனேயே இவ்வளவு நல்ல பெயரைத் தந்த அவளின் அம்மாவுக்குத் தங்கள் நன்றியைச் சொல்லட்டுமாம். திகதி மாசி ஐந்து. அதாவது தங்கராசா மாஸ்டர் கோபிக்கமுதல், நான் கலண்டரைக் கிழிக்கமுதல், அந்தத் தம்பி மோட்டார் சைக்கிளில் வரமுதல். சண்டைக்குப் போவதுபோல எழும்பிக் குசினிக் கதவடிக்குப் போனேன். உள்ளே பவளம் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நீ வாயைத் திறந்திடாதை. ஓய்வெடுத்த பிறகு அந்த மனுசன் இப்பதான் காலமை எழும்பிச் சவரம் எடுத்து, உடுப்பு மாத்தி, சிரிச்சுக்கொண்டு திரியுது." நான் சத்தமில்லாமல் திரும்பி வந்து கணினியை மூடிவிட்டு, முற்றத்தில் நின்று ஒருமுறை பலமாக இருமிய பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணி கேட்டேன். ஆகவே மேலே எழுதியதில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. பவளம் உங்களுக்குப் போன் எடுத்து, பெயரைக் கண்டுபிடித்தது நான்தான் என்று சொல்லுவாள். "அட, எங்கட யோகனோ!" என்று நல்லாய் ஆச்சரியப்படுங்கோ அக்கா.