மூணாவது வரி

சென்றாயன் செத்துப் பதினாறு நாள் ஆகியிருந்தது. அவருக்கே நேற்றுத்தான் தெரிந்தது.

ரேஷன் பட்டியலில் பேரை அடித்துவிட்டார்கள்.

"சரிபார்க்க ஒருத்தர் வந்தாருங்களே. மூணு தடவ கதவத் தட்டிக் கூப்பிட்டாராம். பதில் வரலன்னு செத்தவங்க பக்கத்துல சேர்த்துட்டாரு" என்றார் கடைக்காரர்.

சென்றாயன் அன்று வீட்டுக்குள்தான் இருந்தார், மூச்சைப் பிடித்துக்கொண்டு. பையும் பைலுமாக வருகிறவன் எவனும் நல்லதுக்கு வந்ததில்லை.

"அதான் முழுசா வந்து நிக்கிறனே!"

"எனக்குத் தெரியுதுங்க. பேப்பருக்குத் தெரியணுமே. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள ஆதார் நகல் கொண்டாங்க. விட்டா, உசுரு வர ஆறு மாசம் ஆவும்."

ஆதாரைக் கரையான் தின்றிருந்தது. கட்டைவிரலை எந்த மெஷினிலும் வைப்பதில்லை என்பது அவர் கொள்கை. நகல் இருந்தது மகன் கதிரவன் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில். அவன் ஓசூரில் கம்பெனி வேலை. போனில் கேட்டார்.

"போட்டதும் ஏழு வரி வரும்பா. மூணாவதுல வெச்சு அழுத்து. அதுலதான் ஆதார் இருக்கு. அப்புறம் அது..."

"தெரியுது வையி" என்று சென்றாயன் போனை வைத்துவிட்டார்.

ஏழு வரி வந்தது. விரல் வைத்து எண்ணுவதற்குள் அதுவே முதல் வரிக்குள் போய்விட்டது. நாலு தடவையும் அப்படியே.

"ஒரு வூட்டுல ஏழு தலைக்கட்டா?" பக்கத்து வீட்டுச் சுமலதாவைக் கூப்பிட்டார். தருமபுரியில் கம்ப்யூட்டர் படித்தவள். எதைத் தேடுகிறார் என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் செத்த செய்தி ஊரைச் சுற்றும்.

"இது கம்ப்யூட்டர ஓட்டுற லினக்ஸ் மாமா. புதுசு ஏற ஏற பழசோட பேரும் நின்னுரும். ரெண்டாவது பழசு, எடுத்துரட்டுமா?"

"எடு."

எடுத்துவிட்டு, பட்டியல் காத்து நிற்கிற பத்து வினாடியை ஒரு நிமிடமாக்கி வைத்துவிட்டுச் சமைக்கப் போனாள். சென்றாயன் நிதானமாக எண்ணி மூணாவதை அழுத்தினார். நீலத்திரை வந்தது. நம்பர் ஏறியது. நம்மைத்தான் தேடுகிறது என்று கஞ்சிகூடக் குடிக்காமல் காவல் இருந்தார். ரெண்டு மணி நேரம் கழித்து நம்பர் நூறைத் தொட்டது. மறுபடி ஒன்றிலிருந்து கிளம்பியது.

சுமலதா வந்து பார்த்தாள். "அய்யோ மாமா, இது மெமரி டெஸ்ட், கம்ப்யூட்டரோட ஞாபகத்தச் சோதிக்கிறது! நீங்களா நிறுத்துற வரைக்கும் ஓடும்."

"மூணாவதத்தான அழுத்துனன்?"

"ஒண்ண எடுத்தமில்ல, எல்லாம் ஒரு படி மேல ஏறிருச்சு."

சென்றாயனுக்கு எண்ணிக்கை மீதே நம்பிக்கை போய்விட்டது. ஒரே கதவு இருந்தால் உள்ளே இருப்பது அது வழியாகத்தானே வந்தாக வேண்டும்?

"நல்லதா ஒண்ண வெச்சுட்டு மிச்சத்தையெல்லாம் அடிச்சுத் தள்ளு புள்ள."

"ஒவ்வொண்ணாப் பாத்துத்தான் எடுக்கணும் மாமா."

"பாரு, பாரு" என்று கஞ்சி குடிக்கப் போனார்.

நாலரைக்கு எல்லாம் சுத்தம். பட்டியலே வரவில்லை, நேராக உள்ளே போனது. ஆனால் எங்கே தேடியும் ஆதார் இல்லை. வேறு வழியில்லாமல் கதிரவனைக் கூப்பிட்டார்.

"லினக்ஸ்ல ஏம்பா தேடற? மூணாவது வரி பழைய விண்டோஸ், அதுலதான் இருக்கு. அது எழுந்திரிக்கப் பத்து நிமிசம் ஆவும்னு சொல்ல வந்தேன், நீதான் போன வெச்சுட்ட."

மணி அஞ்சாகப் பத்து நிமிடம். சென்றாயன் மெல்லத் திரும்பினார்.

"விண்டோஸ எங்க புள்ள?"

சுமலதா துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "உள்ள அது பாட்டுக்கு உசுரோடதான் இருக்கும் மாமா, நான் பேர மட்டுந்தான் அடிச்சேன். மூணு தடவ கூப்பிட்டுப் பாத்தேன், பதிலே வரல, செத்துப்போச்சுன்னு எடுத்துட்டேன்."