கதவண்ணை குடித்த நாற்பத்தாறு குவளை

ஜேர்மனியில் கதவு திறப்பவர்களுக்கென்று ஒரு பதக்கம் இருந்தால், அதை வாங்கக்கூடியவர் ஒருவர்தான். அவரை நான் கதவண்ணை என்பேன். மண்டபக் கதவு, சமையலறைக் கதவு, தோட்டக் கதவு, ஒரு தடவை ஓர் ஆட்டுப்பட்டியின் கதவு என்று எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. யாராவது கொஞ்சம் பலமாகத் தும்மினால்கூட எழுந்துபோய் வாசலைப் பார்த்துவிட்டு வருவார். அவருடைய சொந்தப் பெயர் என் குறிப்பேட்டில் முழுதாக இருக்கிறது. ஆனால் அதைச் சொன்னால் அந்த வீட்டில் இருந்த எவருக்கும் ஆள் யாரென்று விளங்காது.

அந்த வீடு டார்ம்ஸ்டாட்டில் ஒரு மேட்டின்மேல் இருந்தது. மாணவர் சங்க வீடு. ஜேர்மனியின் பல்கலைக்கழக ஊர்களில் இப்படிப் பல வீடுகள் உண்டு. படிப்பவர்கள் உள்ளே வசிப்பார்கள். படித்து முடித்துப்போன மூத்தவர்கள் வீட்டைக் கட்டிக் காப்பார்கள். சேர்கிறவர்களுக்கு மார்பில் குறுக்காக ஒரு பட்டை, தலையில் ஒரு தொப்பி, கூடவே ஒரு பட்டப்பெயர். எங்களுடையது வாள்சண்டை இல்லாத, ஆணும் பெண்ணும் சேர்ந்த சங்கம். எட்டு மாதம் அறை தேடி அலைந்து களைத்த பிறகு நான் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

ஹம்பேர்க்கிலிருந்து அம்மா போன் எடுத்தா. "பிள்ளை, உது குடிகாரச் சங்கமோ?"

"இல்லையம்மா, பாட்டுப் பாடுவினம்."

"குடிச்சாத்தானே பாடுறவை?" என்றா அம்மா.

நாள், கிழமை, யார் வந்தார், யார் வரவில்லை என்று எதையும் எழுதி வைக்கிற வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. ஆகவே சங்கத்தில் எனக்கு 'மை' என்று பெயர் வைத்து, சங்கக் குறிப்பேட்டையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். எங்கள் தலைவனின் பெயர் கரடி. ஆள் ஊதுபத்தி மாதிரி இருப்பான்.

கதவண்ணை வந்தது அக்டோபரின் முதல் வெள்ளிக்கிழமை. அன்று பருவத் தொடக்க விழா. மூத்தவர்களின் தலைவரான ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் சங்க வரலாற்றைப் பற்றிப் பேசினார். அவர் வருடாவருடம் அதே பேச்சைத்தான் பேசுவார். முடிந்ததும் வழக்கப்படி எல்லோரும் விரல் முட்டியால் மேசையில் தட்டினோம். இங்கே பல்கலைக்கழகங்களில் கைதட்டல் என்பது அதுதான். ஆனால் அன்று தட்டல் ஓயவில்லை. நாங்கள் நிறுத்தினால் எங்கிருந்தோ மறுபடி தட்டல் கேட்கும். மரியாதைக்கு நாங்களும் தட்டுவோம். நீதிபதி மூன்று தடவை எழுந்து தலைவணங்கினார். கண் கலங்கிவிட்டது. "நீங்கள் இவ்வளவு விரும்பிக் கேட்பதால்" என்று சொல்லி மேலும் இருபது நிமிடம் பேசினார். "சபையோரின் ஆர்வம் இதுவரை காணாதது" என்று நானும் குறிப்பேட்டில் எழுதினேன்.

பிறகு கரடி குப்பை போடுவதற்காக வாசலைத் திறந்தான். கொட்டும் மழையில் இரண்டு பெட்டிகளோடு ஒருவர் நின்றிருந்தார். அழைப்பு மணி பழுதாகி இரண்டு வாரமாகியிருந்தது. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். கொங்கிரீட்டில் விரிசல் எப்படி விழுகிறது என்று ஆராய்ச்சி செய்ய வந்தவர். மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தமிழென்று பிடித்துவிட்டார்.

"ஏம்மா, இது என்ன வெளாட்டு? நான் மூணு தட்டுனா நீங்க உள்ளேருந்து முப்பது தட்டுதீங்க. தெறக்க மட்டும் மாட்டேங்கீங்க!"

அன்றைய ஆர்வத்தில் பாதி அவருடையது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நீதிபதியிடம் இதை இன்றுவரை நான் சொல்லவில்லை. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் இங்கே எழுதுகிறேன்.

அடுத்த வெள்ளி பாட்டுக்கூட்டம். எங்கள் கூட்டங்களில் ஒரு கறாரான விதி உண்டு: தலைவரின் அனுமதியில்லாமல் யாரும் இடத்தைவிட்டு எழும்பக்கூடாது. எழும்பினால் ஒரு குவளை குடிக்க வேண்டும். முதல் பாட்டு முடிந்தது, மேசையில் தட்டினோம். கதவண்ணை எழுந்துபோய் வாசலைத் திறந்து, இரண்டு பக்கமும் பார்த்து, மூடிவிட்டு வந்தார்.

"என்ன அண்ணை செய்யிறியள்? அது கைதட்டல். இஞ்ச மேசையிலதான் தட்டுவினம்."

"தெரியும்மா. அன்னைக்கே சொல்லிட்டாங்கள்லா."

"பிறகேன் போய்த் திறக்கிறியள்?"

"நூறு தட்டுல ஒண்ணு நெசமா இருந்தா? வெளிய நிக்கவனுக்குக் குளிரும்லா."

கரடி ஒரு குவளை விதித்தான். அவர் பியர் தொடாதவர்; ஆகவே சோடா கலந்த ஆப்பிள் சாறு. அன்று பதினொரு பாட்டுப் பாடினோம். பதினொரு தடவை வாசலைத் திறந்தார், பதினொரு குவளை குடித்தார். பன்னிரண்டாவதாக அவர் எழும்பியபோது கரடி குவளையை நீட்டினான். "இது கதவுக்கு இல்லப்பா, பாத்ரூமுக்கு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு ஓடினார். அன்றே ஜேர்மன்காரர்கள் அவரைத் தங்கள் மொழியில் 'கதவு' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். நான் அதோடு ஓர் 'அண்ணை'யைச் சேர்த்துக்கொண்டேன்.

நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை நீதிபதி ஒரு கடிதத்தோடு வந்தார். வீட்டில் ஏழு உறுப்பினர்கள்தான் மிச்சம். அதில் மூன்று பேர் கோடையோடு படிப்பை முடிக்கிறார்கள். யூலை மாதம், சங்கம் தொடங்கிய நாளைக் கொண்டாடும் நிறுவன நாள் விருந்துக்குள் ஆறு புதிய உறுப்பினர்கள் சேராவிட்டால் வீட்டை மூடி அலுவலகங்களுக்குக் கொடுத்துவிடுவோம் என்று மூத்தவர்கள் முடிவு செய்திருந்தார்கள். நான் மாடிக்குப் போய் என் அறையைப் பார்த்தேன். மறுபடியும் எட்டு மாத அலைச்சலா?

கரடி உடனே அழகான துண்டுப்பிரசுரம் அடித்தான். ஒருவரும் வரவில்லை.

"தாள் குடுத்தா எவன் வருவான்? வாசலுக்கு வர ஒரு காரணம் வேணும்லா," என்றார் கதவண்ணை.

காரணத்தைத் தபால்காரர் கொண்டுவந்தார். ஜேர்மனியில் ஒருவர் வீட்டில் இல்லாவிட்டால் அவருடைய பொதியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, பெட்டிக்குள் ஒரு சீட்டுப் போட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் தெருவில் பகலில் கதவு திறப்பவர் ஒருவர்தான். ஒரு கிழமைக்குள் தெருவின் பொதிகள் முழுக்க எங்கள் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தன. சங்கத்தின் நிறுவனர்களுடைய படங்கள் நெற்றிவரை பெட்டிகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டன. வாசலில் அவர் ஓர் அறிவிப்பு ஒட்டினார்: "பொதிகள் வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்குப் பிறகு மட்டும்." அது எங்கள் கூட்டம் தொடங்கும் நேரம்.

வந்தவர்களுக்கு அவர் சொல்லும் ஜேர்மன் இரண்டே சொல்: "பிட்டே ஸெட்சன்", அதாவது தயவுசெய்து உட்காருங்கள். அதற்குமேல் கையில் சூடான பயற்றுச் சுண்டலைக் கொடுத்துவிட்டு, பொதியைத் தேடுகிறேன் என்று போய்விடுவார். திரும்பி வருவதற்குள் மூன்று பாட்டு முடிந்துவிடும். டிசம்பரில் புனித நிக்கோலஸ் விழாவன்று காலணிப் பொதி வாங்க வந்த இரட்டைச் சகோதரர்கள் சப்பாத்தை மறந்துவிட்டு உறுப்பினர் படிவத்தோடு போனார்கள். விலாசம் மாறி உணவு கொண்டுவந்த சைக்கிள்காரப் பையன் ஜோர்ஜிய நாட்டு மாணவன், அவனையும் உட்காரவைத்தார். யாரோ ஒருவருடைய நூடில்ஸ் ஆறிப்போனது. எங்களுக்கு மூன்றாவது ஆள் கிடைத்தான்.

பெப்ரவரியில் கார்னிவல் கூட்டம். எல்லோரும் வேஷத்தில் இருந்தோம். தட்டல் கேட்டுக் கதவண்ணை திறந்தபோது உண்மையாகவே ஒருவர் நின்றார். எதிர்வீட்டுப் பெண்மணி. எழுபது வயது. முகம் சிவந்து, சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்ல வந்திருந்தார். கதவண்ணை அவரைக் கைபிடித்துக் கூட்டிவந்து தலைவரின் மேசைக்கு முன்னால் நிறுத்தினார்.

"ஏம்மா மை, இவங்க ஏதோ பேசணும்ங்காங்க. எல்லாரும் சத்தம் போடாம கேக்கச் சொல்லு."

அந்த அம்மா எங்களைப் பத்து நிமிடம் விளாசினார். நிறுத்தற்குறி தவறாத அருமையான ஜேர்மன். முடிந்ததும் எங்களுக்கு வேறென்ன செய்வதென்று தெரியவில்லை, மேசையில் தட்டினோம். அவர் திகைத்துப்போனார். வாழ்நாள் முழுக்கப் புகார் சொல்லியிருக்கிறாராம், இப்படி யாரும் கேட்டதில்லையாம். அதன்பிறகு மாதம் தவறாமல் புதிய புகாரோடு வந்தார். ஏப்ரலில் தன் வீட்டு மாடியில் குடியிருந்த இரண்டு மாணவிகளையும் புகாருக்குச் சாட்சியாகக் கூட்டிவந்தார். சாட்சிகள் எங்கள் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். ஐந்து.

மே மாதம் பியர் ஏற்றிய கைவண்டியை இழுத்துக்கொண்டு வயல்வெளியில் நடைபயணம். அங்கே கதவே இல்லையென்று நிம்மதியாக இருந்தேன். அண்ணை ஒரு பட்டியைக் கண்டுபிடித்தார். "உள்ள நின்னு முட்டுதுங்கம்மா" என்றார். இருபது ஆடுகள் எங்கள் ஊர்வலத்தில் சேர்ந்து அடுத்த கிராமம்வரை வந்தன. அவற்றை நான் உறுப்பினர் கணக்கில் எழுதவில்லை. கரடி எழுதச் சொல்லிக் கெஞ்சினான்.

யூலை மூன்றாவது சனிக்கிழமை. நிறுவன நாள். மண்டபம் நிறைய மூத்தவர்கள். சேர்க்கைச் சடங்கு இப்படி: புதியவர் மூடிய கதவுக்கு வெளியே நின்று மூன்று முறை தட்ட வேண்டும். தலைவர் "யார்?" என்று கேட்பார். வெளியே நிற்பவர் தன் புதிய பெயரைச் சொல்ல, கதவு உள்ளேயிருந்து திறக்கப்படும். திறக்கும் வேலை யாருக்கென்று நான் சொல்லத் தேவையில்லை. பதினைந்து தட்டு, ஐந்து பெயர், ஐந்து பேரும் உள்ளே வந்தார்கள்.

நீதிபதி கண்ணாடியைத் துடைத்தார். "மிக அழகு. ஆனால் ஆறு என்றால் ஆறு."

கரடி தொப்பியைக் கழற்றினான். எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான், குறிப்பேட்டைப் புரட்டினேன். அப்போது ஒன்று கண்ணில் பட்டது. எழுந்தேன். அனுமதி கேட்கவில்லை.

"ஐயா, ஒரு சந்தேகம். உறுப்பினர் அல்லாதவருக்குச் சங்கம் தண்டனை விதிக்கலாமா?"

"ஒருபோதும் முடியாது," என்றார் நீதிபதி. நாற்பது வருடம் நீதிமன்றத்தில் இருந்தவரின் குரல்.

"இந்த வீட்டில் வாடகைக்கு மட்டும் இருக்கும் ஒருவருக்கு அக்டோபரிலிருந்து இன்றுவரை நாற்பத்தாறு குவளை விதித்திருக்கிறோம். நாள், கிழமை, பாட்டு எல்லாம் இதில் இருக்கிறது. அவர் உறுப்பினர் இல்லையென்றால் நாற்பத்தாறு தடவை நாம் சட்டத்தை மீறியிருக்கிறோம்."

நீதிபதி புத்தகத்தை வாங்கி, ஒவ்வொரு பதிவாக விரலை வைத்து வாசித்தார். கடைசிப் பக்கம்வரை அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சிரிப்பில் அவருடைய வயிறு குலுங்கத் தொடங்கியது.

"அந்த மனிதரை வெளியே அனுப்புங்கள்," என்றார். "தட்டட்டும்."

"என்னம்மா, வெளிய போகச் சொல்லுதாங்களா?" என்று கதவண்ணை என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"ஓம் அண்ணை. போய் நிண்டு மூண்டு தரம் தட்டுங்கோ. இந்த ஒருக்கா நாங்கள் திறக்கிறம்."

அவர் போனார். கதவு மூடியது. கரடி கைப்பிடிக்குப் பக்கத்தில் தயாராக நின்றான். ஆனால் மண்டபத்தால் பொறுக்க முடியவில்லை. எதிர்வீட்டு அம்மாதான் முதலில் தட்டினார். பிறகு இரட்டையர்கள், பிறகு மூத்தவர்கள், கடைசியில் நீதிபதியும். எல்லா மேசையும் அதிர்ந்தது.

கதவு வெளியேயிருந்து திறந்தது. கதவண்ணை தலையை உள்ளே நீட்டினார்.

"யாரோ தட்டுதாங்க," என்றார்.

அன்று எழுந்த சத்தத்துக்கு எதிர்வீட்டு அம்மா புகார் சொல்லவில்லை. அதில் பாதி அவருடையது. நாற்பத்தேழாவது குவளையை நீதிபதியே ஊற்றிக் கொடுத்தார். வீடு இன்றும் அந்த மேட்டில் மாணவர் வீடாகவே இருக்கிறது. என் பழைய அறையில் வேறொருத்தி இருக்கிறாள். அழைப்பு மணியை இன்னும் யாரும் திருத்தவில்லை.

இப்போது எனக்கு பான் நகரத்தில் வேலை. கூட்டம் முடிந்தால் எல்லோரும் மேசையில் தட்டுவார்கள். நான் எழுந்துபோய்க் கதவைத் திறந்து, இரண்டு பக்கமும் பார்த்து, மூடிவிட்டு வருகிறேன். இதுவரை அங்கே அவர் நின்றதில்லை. ஆனாலும், வெளியே நிற்பவருக்குக் குளிருமே.