பெட்டி புறப்பட்டால் அதிகாரி புறப்பட்டதாகும்

பெங்களூரில் விமானத்தில் பறப்பது சுலபம். விமான நிலையத்துக்குப் போய்ச் சேருவதுதான் கஷ்டம். இந்தக் கஷ்டத்தைப் போக்குவதற்கென்றே அரசாங்கம் எங்கள் அலுவலகத்தை ஏற்படுத்தியது. விமான நிலையச் சாலை நெரிசல் தவிர்ப்பு இயக்ககம் என்பது முழுப்பெயர். பன்னிரண்டு வருடமாக நாங்கள் நெரிசலைத் தவிர்த்து வருகிறோம். அதாவது அந்தச் சாலைப் பக்கமே போவதில்லை.

அங்கே நான் முதல்நிலை உதவியாளர். பெயர் மந்தாகினி. சுற்றறிக்கைகளைத் தட்டச்சு செய்வதும், அவற்றைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் இருப்பதும் என் பணி.

போன வருடம் ஜெய்ப்பூரிலிருந்து ஒரு மாநாட்டுக்கு அழைப்பு வந்தது. 'விமான நிலையத்தைக் குறித்த நேரத்தில் அடைவது எப்படி' என்பது பொருள். ஆறு பேர் போகலாம் என்றார்கள். இயக்குநர் சென்னபசப்பா, துணை இயக்குநர் சர்வமங்களா, நான், வாயே திறக்காத இரண்டு பிரிவு அலுவலர்கள், கண்காணிப்பாளர் புட்டராயர். வாய் திறக்காத இருவருக்கும் இந்தக் கதையில் பெயர் தேவையில்லை. அலுவலகத்திலும் தேவைப்பட்டதில்லை.

புட்டராயரைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முப்பத்து நான்கு வருட சர்வீஸ். அந்த மாதக் கடைசியில் ஓய்வு. மனிதர் ஒரு தடவைகூட விமானம் ஏறியதில்லை. எங்கள் மூன்றாம் மாடி ஜன்னலுக்கு மேலே விமானம் போனால் எழுதுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார். அவர் கோப்புகளில் வாக்கியம் எங்கெல்லாம் பாதியில் நிற்கிறதோ, அங்கெல்லாம் ஒரு விமானம் போயிருக்கிறது என்று அர்த்தம்.

"மேடம், எனக்கு ஜன்னல் ஓரம்தானே?"

"ஆமா சார். பதினாலு ஏ."

"ஏ-ன்னா ஜன்னல்தானே?"

"ஜன்னலேதான்."

"மேகத்தை ஒரு தடவை மேலேருந்து பாத்துட்டா போதும் மேடம். கீழேருந்து முப்பத்தி நாலு வருஷம் பாத்தாச்சு."

இதை ஒரு நாளைக்கு நான்கு முறை கேட்பார். நானும் நான்கு முறை சொல்வேன். எனக்கு அலுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு விமானம். எப்படிப் போவது என்று தீர்மானிக்க உயர்மட்டக் கூட்டம் கூடியது. அலுவலகத்தில் இரண்டு ஜீப் உண்டு. ஒன்று மூன்று வருடமாகப் பேட்டரிக்காகக் காத்திருந்தது. மற்றது நன்றாகவே ஓடும். ஆனால் முதல் ஜீப் பணிமூப்பில் பெரியது என்பதால், அது போகும்வரை இதுவும் காத்திருந்தது. எனவே ஒரு கார் வாடகைக்கு எடுக்கப்பட்டது. கூடவே மண்டியாவிலிருந்து டிரைவர் சித்தராஜு வந்தான். அவனையும் கூட்டத்துக்கு அழைத்தார்கள். அந்தச் சாலையில் உண்மையிலேயே போய் வந்தவன் அந்த அறையில் அவன் ஒருவன்தான்.

"எத்தனை மணிக்குக் கிளம்பணும்ப்பா?" என்றார் இயக்குநர்.

"நாலரைக்கு எடுத்தா நாப்பது நிமிஷம் சார். ஏழுக்கு எடுத்தா ரெண்டரை மணி நேரம். ஒம்போதுக்கு எடுத்தா, பாலத்து மேல நின்னு பிளைட்டுக்கு டாட்டா காட்டலாம்."

"நாலரைக்கு ஒரு அரசு அதிகாரி எப்படிய்யா எழுந்திருப்பாரு?"

"அப்ப ஆறரைக்கு?"

"அது நான் வாக்கிங் போய்ட்டு வந்து பூஜை பண்ணி இட்லி சாப்பிடற நேரம். தனிப்பட்ட நேரத்துல அரசு தலையிட முடியாது."

"ஏழரை?"

சர்வமங்களா மேடம் பஞ்சாங்கத்திலிருந்து தலையைத் தூக்கினார். "திங்கக்கிழமை ஏழரையிலேருந்து ஒம்பது ராகு காலம். வாசப்படி தாண்டக் கூடாது."

"அப்ப ஒம்போதுதான். டாட்டாதான்," என்றான் சித்தராஜு.

மேடம் மறுபடி பஞ்சாங்கத்தைப் புரட்டினார். பிறகு சொன்னார். "சார், நாலு நாப்பதுக்கு அருமையான முகூர்த்தம் இருக்கு. பரஸ்தானம் வச்சிடலாமே?"

பரஸ்தானம் நம் எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பயணம் தொடங்கியதாகக் கணக்கு. நாம் ஆற அமரக் கிளம்பலாம். ராகுவை ஏமாற்ற நம் முன்னோர் கண்டுபிடித்த இந்த வழியை, போக்குவரத்து நெரிசலை ஏமாற்றவும் பயன்படுத்தலாம் என்று எங்கள் இயக்குநருக்குத்தான் முதலில் தோன்றியது. அவர் கண்கள் பளபளத்தன. "பக்கத்து வீடு என்ன பக்கத்து வீடு? நேரா ஏர்போர்ட்டுக்கே அனுப்பிடுவோம்!" என்றார்.

அன்று மாலை நான் தட்டச்சு செய்த சுற்றறிக்கை இது: "இதனால் அனைவருக்கும் தெரிவிக்கப்படுவது யாதெனில், பயணத்தைப் பொறுத்தவரை ஓர் அதிகாரியின் பெட்டி எங்கு உள்ளதோ, அவ்வதிகாரியும் அங்கேயே உள்ளதாகக் கருதப்படுவார். பெட்டி புறப்பட்டால் அதிகாரி புறப்பட்டதாகும். பெட்டி சேர்ந்தால் அதிகாரி சேர்ந்ததாகும்."

"சார், பெட்டி போனா நான் போன மாதிரி ஆயிடுமா?" என்று கேட்டார் புட்டராயர்.

"மாதிரி இல்ல புட்டராயரே. போனதே ஆயிடும்."

புட்டராயர் முகத்தில் கவலை தெரிந்தது. அவர் சர்வீஸில் சுற்றறிக்கையை நம்பிப் பழகியவர்.

திங்கள் விடியற்காலை ஆறு பெட்டிகள் கிளம்பின. டிக்கியில் போடக் கூடாது என்று உத்தரவு, ஏனென்றால் அதிகாரிகளை டிக்கியில் ஏற்றும் வழக்கம் இல்லை. இயக்குநரின் பெட்டி பின்னிருக்கையில் இடது ஓரம். பக்கத்தில் மேடத்தின் பெட்டி. புட்டராயருடையது ஜிப் போன ஒரு பழுப்பு ரெக்சின் பெட்டி. அதைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார். உள்ளே ஒரு ஸ்வெட்டர், காதுக்குப் பஞ்சு, வாந்தி வந்தால் முகர ஒரு எலுமிச்சம்பழம். எல்லாருக்கும் பெல்ட் போட்டு சித்தராஜு ஓட்டிப் போனான்.

ஐந்து இருபதுக்கு அவன் இயக்குநருக்குப் போன் செய்தான். "சார், வந்து சேந்துட்டீங்க."

"நானா? வந்துட்டேனா? நல்லது," என்று சொல்லிவிட்டு இயக்குநர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வாசலில் காவலர், ஆள் இல்லாமல் பெட்டியை உள்ளே விட முடியாது என்றாராம். சித்தராஜு சரக்கு அனுப்பும் பிரிவுக்குப் போய்ச் சுற்றறிக்கையைக் காட்டியிருக்கிறான். அரசு முத்திரையைப் பார்த்ததும் அவர்கள் படிக்கவில்லை. அதே விமானத்தில் ஜெய்ப்பூருக்கு என்று சீட்டு ஒட்டி எடுத்துக்கொண்டார்கள்.

அவன் எங்களை அழைத்துப்போக அலுவலகத்துக்குத் திரும்பி வந்தபோது மணி எட்டு முப்பத்தைந்து. ராகு காலம் முடிய இருபத்தைந்து நிமிடம் இருந்தது. கார் வாசலில் நிற்க, நாங்கள் வாசற்படிக்கு உள்ளே நின்றோம். புட்டராயர் ஒரு காலைப் படிமேல் வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது ஒன்றுக்குக் கிளம்பினோம். பத்து மணிக்கு ஹெப்பாள் மேம்பாலத்தில் ஏறினோம். ஏறியதோடு சரி. முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி. இடையிடையே வேர்க்கடலை விற்பவர் ஒருவர் நிதானமாக நடந்து வந்தார்.

"எந்த ஆபீஸ் சார்?" என்று ஜன்னலில் குனிந்தார்.

இயக்குநர் முழுப்பெயரையும் சொன்னார். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டார். "நல்லா இருக்கணும் சார் நீங்க. உங்களாலதான் என் பொழப்பு ஓடுது. என் பொண்ணை இன்ஜினியருக்குப் படிக்க வைக்கறேன்."

ஆறு பொட்டலம் இலவசமாகக் கொடுத்தார். பதினொன்று ஐம்பதுக்குத் தலைக்கு மேல் ஒரு விமானம் போனது. புட்டராயர் தலையை வெளியே நீட்டினார்.

"மேடம், நம்ம பிளைட்டு! அதோ, அதுலதான் நான் போறேன்!" என்று கையாட்டினார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "எலுமிச்சம்பழம் உள்ளதான் இருக்கு. பயமில்ல."

நான் சட்டென்று போனை எடுத்துத் தேடினேன். "சாயங்காலம் அஞ்சரைக்கு இன்னொரு பிளைட் இருக்கு சார். சீட்டும் இருக்கு. போன்ல பாத்துட்டேன்," என்றேன். அவர் முகம் மறுபடி மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. மீதிக் கடலையை எனக்கே கொடுத்துவிட்டார்.

மூன்றரை மணிக்கு விமான நிலையத்தின் கோபுரம் கண்ணில் பட்டது. அந்த நேரம் பார்த்து இயக்குநரின் போன் அடித்தது. ஜெய்ப்பூர் அதிகாரி பேசினார்.

"ஆறு பேரும் சௌக்கியமா வந்து சேந்துட்டீங்க சார். உங்க சுற்றறிக்கை கிடைச்சது. அதன்படியே எல்லாருக்கும் தலைப்பாகை கட்டி மாலை போட்டாச்சு. கயிறு கட்டின பெரியவருக்குத்தான் தலைப்பாகை நிக்கல. ஊசி குத்தி நிறுத்திட்டோம்."

இயக்குநர் போனை வைத்தார். "சித்தராஜு, வண்டியைத் திருப்பு."

"ஏர்போர்ட் இங்கதான் சார், தோ!"

"நாம அங்க போயாச்சுப்பா. ஒரு அதிகாரி ஒரே பயணத்துல ஒரே ஊருக்கு ரெண்டு தடவை போய்ச் சேர முடியாது."

புட்டராயர் முன்னால் குனிந்தார். "சார், நான் மட்டும் போய்ட்டு வந்துடறேன் சார். சொந்தச் செலவுல."

"நீங்க அங்க இருக்கும்போது இங்கேருந்து எப்படிப் போவீங்க புட்டராயரே? நாளைக்குத் தணிக்கையில கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

வண்டி திரும்பியது. வெகுநேரம் கழித்துப் புட்டராயர் என்னிடம் மெல்லக் கேட்டார். "மேடம், நான் ஜன்னல் ஓரமாத்தானே போயிருப்பேன்?"

சரக்குப் பிரிவில் ஜன்னல் கிடையாது என்று நான் சொல்லவில்லை. "ஆமா சார்" என்றேன். அந்த இயக்குநரை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். என் பதவி உயர்வுக் கோப்பு அவர் மேசையில் இருந்தது. கேட்கவில்லை.

மறுநாள் மாநாடு அமோகமாக நடந்தது. மற்ற மாநிலத்துக்காரர்கள் எல்லாரும் வழியில் மாட்டிக்கொண்டு மதியம்தான் வந்தார்களாம். தொடக்க விழாவில் சரியான நேரத்துக்கு நாற்காலியில் இருந்தவை எங்கள் ஆறு பெட்டிகள் மட்டுமே. அவை தூங்கவில்லை, போன் பேசவில்லை, பாதியில் எழுந்து கடைவீதிக்குப் போகவில்லை. இவ்வளவு ஒழுங்கான தூதுக்குழுவை என் அனுபவத்தில் கண்டதில்லை என்று தலைவர் நெகிழ்ந்து பேசி, முதல் பரிசுக் கேடயத்தைக் கயிறு கட்டிய பெட்டியின் மேல் வைத்தார். அது ஒன்றுதான் தட்டையாக இருந்ததாம்.

அதன்பிறகு ஊரைக் கேட்கவா வேண்டும்? செய்தி வந்த மறுவாரமே ஊரெல்லாம் பரஸ்தானம்தான். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் விடியற்காலையில் பெட்டியை வேலைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் தூங்கினார்கள். வேலை முன்னைப்போலவே நடந்தது. ஜெயநகரில் ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் சார்பில் நாற்பது பெட்டிகள் வந்திறங்கின. சாப்பாட்டில் யாரும் குறை சொல்லாத கல்யாணம் அந்த மண்டபத்தில் அதுதான் முதல். விமானக் கம்பெனிகள் பெட்டிகளுக்கு இருக்கை கொடுக்க ஆரம்பித்தன. ஆள் உயரத்துக்குப் பெட்டி வாங்குவது நாகரிகமானது. குட்டைப் பெட்டிக்காரரைப் பார்த்தால் "பாவம், என்ன சம்பளமோ" என்றார்கள். நானும் என் தோள் உயரத்துக்குச் சிவப்பில் ஒன்று வாங்கினேன். கழுத்தில் பெயர்ப்பலகை மாட்டினேன். அதன்பிறகு மாநாடுகளுக்கெல்லாம் அதுதான் போய் வருகிறது; எந்த ஊருக்கு என்றுகூட நான் கேட்பதில்லை.

இப்போது விடியற்காலை நாலு நாற்பதுக்கு ஹெப்பாள் பாலத்தில் பெட்டிகளின் நெரிசல் தாங்கவில்லை. பெட்டிக்கு முன்னால் ஒரு கைப்பையை அனுப்பலாமா என்று ஆராயக் குழு அமைத்திருக்கிறோம். பதவி உயர்வு பெற்ற நான்தான் அதன் செயலாளர்.

புட்டராயர் அந்த மாதக் கடைசியிலேயே ஓய்வு பெற்றார். கேடயம் வாங்கியது பெட்டி என்பதால் பொன்னாடையைப் பெட்டிக்குப் போர்த்தினார்கள். அது சரிந்துவிடாமல் அவர் பிடித்துக்கொண்டார்.

போன வாரம் என் வீட்டுக்கு வந்தார். சொந்தப் பணத்தில் டெல்லிக்கு டிக்கெட் எடுத்திருந்தார். பதினாலு ஏ. "பெட்டியே எடுத்துட்டுப் போகப் போறதில்ல மேடம். எடுத்தா, பெட்டி போகட்டும் நீ வீட்ல இருன்னு சொல்லிடுவாங்க. ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டே போறேன்," என்றார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, சரியான ராகு காலத்தில், சித்தராஜுவின் காரில் கிளம்பினார். பெட்டிகளெல்லாம் விடியற்காலையே போய்விட்டதால் சாலை காலியாகக் கிடந்ததாம். முப்பத்தெட்டே நிமிடம். எங்கள் இயக்ககம் பன்னிரண்டு வருடமாகச் செய்ய முடியாததை அவர் ஒரு பெட்டியை வீட்டில் வைத்துவிட்டுச் செய்து முடித்தார்.

அன்று மாலை டெல்லியிலிருந்து போன் வந்தது. நான் ஆவலோடு கேட்டேன்.

"எப்படி சார் இருந்தது? மேகம் பாத்தீங்களா?"

"எங்க மேடம்? பதினாலு ஏ-ல வேற ஆள் உக்காந்திருந்தாங்க."

"டிக்கெட்டைக் காட்ட வேண்டியதுதானே?"

"காட்டினேனே. அவங்க அரசு வேலையா மாநாட்டுக்குப் போறவங்க, எழுப்பக் கூடாதுன்னுட்டாங்க. நான் ரிட்டையர் ஆனவன்தானே? நடு சீட்ல உக்காத்தி வச்சாங்க. எட்டிப் பாக்கலாம்னா, நல்ல உயரம் மேடம் அவங்க. ஜன்னலையே முழுசா மறைச்சுட்டாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு மனிதன் முப்பத்து நான்கு வருடம் ஏங்கியது, இப்படியா பாழாக வேண்டும்? "யார் சார் அந்த ஈவு இரக்கமில்லாத அதிகாரி? பேரைச் சொல்லுங்க. இன்னிக்கே மேலிடத்துக்கு எழுதறேன்!" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். செவப்பு கலர். பேரு கழுத்துல தொங்கிச்சு. மேகம் வந்தப்ப, கொஞ்சம் நகருங்க மேடம்னு மரியாதையாத்தான் கேட்டேன்," என்றார் புட்டராயர். "நீங்க நகரவே இல்ல."