அருள் அல்ல, நெருஞ்சி

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு இருள வேண்டிய அவசியம்கூட இல்லை.

படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டவன் நான். மீதிப் படிப்பை வாட்சப்பில்தான் படித்தேன். (எல்லாப் பாடமும் நோய் பற்றியது.) ஒரு நாள் சிறுநீரகக் கல்லைப் பற்றிப் படித்ததும் இடுப்பு வலிக்க ஆரம்பித்தது. டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "கல்லும் இல்ல, மண்ணும் இல்ல, போய்ட்டு வாங்க" என்றார். ஸ்கேனுக்கே தெரியாத அளவு சின்னக் கல்லாக இருந்தால்? கல்லைக் கரைக்கும் என்று யாரோ அனுப்பியிருந்த நெருஞ்சியை நானே வளர்ப்பதென்று முடிவு செய்தேன்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த நெருஞ்சிக் காய் வாங்கினேன். முள்ளோடு இருக்கும் காயைச் சுத்தியலால் லேசாகத் தட்டி, ஒரு ராத்திரி ஊறவைத்து, முக்கால் பங்கு மணல் கலந்த தொட்டியில் அரை விரல் ஆழத்தில் ஊன்றினேன். மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். நெருஞ்சிக்கு வெயில்தான் சோறு. பினாங்கு மழை எமன். வானம் கறுத்தால் போதும், வேலை செய்யும் வெங்காயக் கடையிலிருந்து மனைவி கோமளாவுக்குப் போன் போடுவேன்.

"தொட்டிய உள்ள எடுத்து வச்சிட்டியா?"

"பிள்ளைய ஸ்கூல்லருந்து கூட்டிட்டு வந்தியான்னு ஒருநாளாச்சும் கேட்டீங்களா?"

செடி தரையோடு படர்ந்து, குட்டி குட்டியாக மஞ்சள் பூ பூத்தது. காயும் காய்த்தது. முற்றிய காய் ஐந்தாக உடையும். எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு முள் வானத்தைப் பார்த்து நிற்கும். வாசலில் கோணிச்சாக்கு விரித்துக் காயவைத்து டப்பாவில் கொட்டினேன்.

அந்தத் தைப்பூசத்துக்குக் கோமளாவின் அண்ணன் காவடி எடுத்தார். தன் மகளுக்கு உடம்பு தேறியதற்கான வேண்டுதல். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் தண்ணீர்ப் பந்தல். பந்தலுக்கு முன்னால் தார் சுடும் என்பதால், வெறுங்காலில் வருபவர்களுக்கு ஈரச் சாக்கு விரிப்போம். வெங்காயக் கடைக்காரன் என்பதால் சாக்கு என் பொறுப்பு. வீட்டிலிருந்த எட்டையும் கொண்டுபோய் விரித்துத் தண்ணீர் தெளித்தேன்.

உறுமிச் சத்தம் நெருங்கியது. மச்சானின் காவடி தெரிந்தது. அப்போது கோமளாவின் போன்.

"என்னங்க, கெளம்பி வாசலுக்கு வந்தேன், கால்ல நெருஞ்சி குத்திருச்சு. நெருஞ்சி காயவச்ச சாக்க நல்லா உதறிட்டுத்தானே கொண்டு போனீங்க?"

உதறவில்லை.

எட்டில் எது அந்தச் சாக்கு? எல்லாம் ஒரே மாதிரி. மச்சானின் தோளில் ஆள் உயரக் காவடி, கன்னத்தில் அலகு. முள் குத்தி அவர் விழுந்தால் வேண்டுதலும் போகும், ஆளும் போவார். ஓடிப்போய் ஒரு சாக்கைப் பிடித்து இழுத்தேன்.

பந்தல் தலைவர் குணா அண்ணன் என் கையைத் தட்டிவிட்டார். "சாக்க விடு லா. காவடி வருது, கண்ணு தெரியல?"

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. (அத்தனை பக்தர்கள் முன்னால் "முள் விரித்தவன் நான்" என்று சொல்ல உங்களுக்கு வருமா?) ஒரே வழிதான் தோன்றியது. சாக்கின் மேல் படுத்து உருண்டேன். முதல் சாக்கில் ஒன்றுமில்லை. நாலாவதில் ஒன்றுமில்லை. ஐந்தாவதில் கண்டுபிடித்தேன்.

"முருகா" என்று நான் போட்ட சத்தத்தில் உறுமியே ஒரு கணம் நின்றது. பிறகு இரண்டு மடங்கு வேகத்தில் அடித்தார்கள். துள்ளி எழுந்தேன்; சாக்கும் முதுகோடு ஒட்டிக்கொண்டு எழுந்தது.

"அருள் வந்திருச்சு, வழி விடுங்க" என்று குணா அண்ணன் என் நெற்றியில் விபூதியை அப்பினார். கூட்டம் "வேல் வேல்" என்றது. ஓர் அம்மா கைகூப்பி, "சாமி, என் மகனுக்கு எப்ப வேல கெடைக்கும்?" என்றார்.

"எடு, எடு" என்று அலறினேன்.

"என்ன எடுக்கணும் சாமி? காவடியா?"

நான் மூர்ச்சையானேன். அந்த அம்மா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். மச்சான் மற்றச் சாக்குகளின் மேல் ஒரு கீறலும் இல்லாமல் ஆடிக்கொண்டே மலைக்குப் போனார். என் முதுகிலிருந்த முள்ளைக் கோமளா இரண்டு நாள் பிடுங்கினாள்.

அதுவரை என்னை ஓர் ஆளாகவே மதிக்காத மச்சான், அன்று முதல் எங்கள் வீட்டுக்கு வந்தால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிடுகிறார். உண்மையைச் சொல்ல இன்னும் பயம், கண்ணை மூடி நிற்பேன்.

"பாத்து விழுண்ணே, சாமிகிட்ட முள்ளு இருக்கும்" என்பாள் கோமளா.

அதில் ஏதோ தத்துவம் இருப்பதாக நினைத்து, அவளுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் எழுவார்.